சென்னை–டொராண்டோ "பதினாலரை மணி நேரம்" என்று டிக்கெட் விற்கிறார்கள், ஜாக்கிரதை

கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோரை அனுப்ப டிக்கெட் தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

டொராண்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மா அப்பாவை அனுப்ப, சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் டிக்கெட் போட்டோம். காலை 5.30-க்குக் கிளம்பினால் அன்று இரவு 8-க்கு டொராண்டோ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மொத்தமே பதினாலரை மணி நேரம் சார், பெரியவங்களுக்கு அலைச்சலே இல்ல." பக்கத்திலேயே துபாய் வழி டிக்கெட்டையும் வைத்து, அது 22 மணி நேரம் என்று பயமுறுத்தினார்.

இதில் நடந்த தில்லுமுல்லு இதுதான். 5.30 சென்னை நேரம், 8 மணி டொராண்டோ நேரம். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது (குளிர்காலத்தில் பத்தரை). அதைச் சேர்த்தால் பயணம் முழுசாக 24 மணி நேரம். துபாய் டிக்கெட்டுக்கு மட்டும் ஒழுங்காகக் கூட்டியிருக்கிறார், பாருங்கள்!

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்கோட்டுத் தூரமே ஏறக்குறைய 13,400 கி.மீ. கசகஸ்தான், ரஷ்யா, ஆர்க்டிக், கிரீன்லாந்து மேலே போகிற கோடு அது. அந்த வழியில் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் எங்கும் நிற்காமல் பறந்தாலே 15 மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து நேரடி விமானமே கிடையாது. துபாய் வழி சுமார் 14,000 கி.மீ.தான், நாலு மணி நேரம், பிறகு ஒரு பதினாலு, நடுவில் காத்திருப்பு. அந்த 22 நியாயமான கணக்கு.

நேரக் கணக்கோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கிளம்புவதற்கு முந்தின நாள் பிரின்ட் அவுட் கொடுத்தபோது பார்த்தால் இரண்டு தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்), அதாவது இரண்டு தனி டிக்கெட். இறங்குவது லண்டனில் ஹீத்ரோ ஏர்போர்ட், அடுத்த விமானம் கேட்விக் ஏர்போர்ட்டில். கேட்டதற்கு, "ரெண்டும் லண்டன்தானே சார்!" ஒரே ஊர் பெயர்தான், நடுவில் 60 கி.மீ.க்கு மேல் சாலைப் பயணம். பெட்டிகளை எடுத்து, குடியேற்றச் சோதனை முடித்து, பஸ் பிடித்து, மறுபடி செக்-இன். அப்பாவுக்குப் போட்ட வீல்சேர் ஹீத்ரோ வாசலோடு சரி. கேன்சல் செய்தால் பாதிப் பணம்கூட வராது என்றார்.

லண்டனில் வானிலை மோசம், இரண்டு மணி நேரம் தாமதம். கேட்விக் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியாகிவிட்டது. ஒரே பிஎன்ஆராக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட் என்பதால் 'நோ ஷோ' (பயணி வரவில்லை) என்று போட்டார்கள். அக்கா அங்கிருந்து புது டிக்கெட் எடுத்தாள். அம்மா அந்த ராத்திரி முழுக்க பெஞ்சில்.

ஏஜென்ட்டின் பதில்: "ஃபிளைட் லேட்டானா நாங்க என்ன சார் பண்றது?" சர்வீஸ் சார்ஜை மட்டும் திருப்பித் தருகிறாராம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அந்தப் பதினாலரை மணி நேர மெசேஜ் என் போனில் பத்திரமாக இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பிஎன்ஆர் ஒன்றா, இறங்கும் ஏர்போர்ட்டிலேயே ஏறுகிறோமா, பெட்டி நேராக டொராண்டோ போகுமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.