வன்னியில் பாவித்த ரயர் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முதல் வாசியுங்கள்

முக்கியமாக வான் வைத்து ஹயர் ஓடுகிறவர்களுக்கு. மொட்டையாய்ப் போன ரயரைக் கத்தியால் வெட்டி, புதிதாக வரி (ரயர் மேலே இருக்கிற பள்ளக் கோடு) எடுத்து, கறுப்பு பொலிஷ் பூசி, "ஜப்பான் சாமான், எண்பது வீதம் இருக்கு" என்று தலையில் கட்டுகிறார்கள். என் தலையில் நாலு கட்டினார்கள், ஒன்று 15,000 ரூபா.

புது ரயர் போடுங்கள் என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் எங்கள் பக்கம் பழைய டொல்பினையும் டவுன்ஏசையும்தான் இழுத்துப் பறித்து ஓடினோம், இன்றைக்கும் அதே வண்டிதான், புது ரயர் நாலு வாங்குகிற காசு எத்தனை பேர் கையில் இருக்கிறது? பாவித்த ரயர் போடுவதில் பிழை இல்லை. வெட்டின ரயரை நல்ல ரயர் என்று விற்பதுதான் பிழை.

கடை ஏ9 ஓரத்தில், பெயர் வேண்டாம். பில் கேட்டேன், கொப்பித் தாள் ஒன்றில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார். கடைப் பெயரும் இல்லை, சீலும் இல்லை. "அண்ணை, நாங்கள் எங்க ஓடப்போறம், இங்கதானே இருக்கிறம்" என்றார். உண்மைதான், இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கார்த்திகை மழை பிடித்ததும் விஷயம் வெளியே வந்தது. கிளிநொச்சியில் பெரியம்மாவுக்கு கிளினிக் காட்டிவிட்டு பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் திரும்பி வருகிறேன், நல்லாக இருட்டிவிட்டது. மழைக்காலத்தில் மாடுகள் ஈரத் தரையை விட்டுவிட்டுத் தார் ரோட்டில் வந்து படுக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதனால் மெல்லத்தான் வந்தேன். விசுவமடு தாண்டி ஒரு இடத்தில் லைற் வெளிச்சத்தில் நாலைந்து மாடு. பிரேக்கை மிதித்தேன். வான் நிற்கவில்லை. ஸ்ரேறிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது, திருப்பினால் திரும்பவும் இல்லை, தண்ணீருக்கு மேலே அப்படியே நேராக வழுக்கிப் போகிறது. பிரேக்கை விட்டதும் கொஞ்சம் பிடித்தது, கரைக் கிரவலில் இறங்கி மதகுக்கு ஒரு பாகம் முன்னால் நின்றோம். மாடு ஒன்றும் எழும்பவே இல்லை. பெரியம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை, நான் குடித்துவிட்டு ஓடினேன் என்று நினைத்துவிட்டா.

பிரேக் என்றுதான் முதலில் சந்தேகம். புதுக்குடியிருப்பில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், வயதான மனுசன், நாலு சில்லையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பிரேக் நல்லாத்தான் இருக்கு, உனக்கு ரயர்தான் இல்லை" என்றார். ரோச்சை அடித்து வரிக்குள் காட்டினார். ஒழுங்கான ரயரில் வரியின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் கட்டை இருக்கும், 1.6 மில்லிமீற்றர் உயரம். மேல் ரப்பர் தேய்ந்து அந்தக் கட்டைக்குச் சமமாக வந்தால் ரயர் முடிந்தது. அது எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ காட்டும். என் ரயரில் முக்கோணம் இருக்கிறது, நேரே உள்ளே பார்த்தால் கட்டை இல்லை, கத்தி அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. வரியின் ஓரம் கையால் வெட்டினபடி நெளிந்து நெளிந்து போகிறது. ஒரு இடத்தில் பேனை முனையால் கிண்டினார், ரப்பருக்கு உள்ளே இருக்கிற கம்பி மினுங்கியது.

வரி இருப்பது அழகுக்கு இல்லை, சில்லுக்கு அடியில் அகப்படும் தண்ணீர் வெளியே ஓடத்தான். வெட்டினால் வழி வரும்தானே என்று கடைக்காரர் கேட்பார். வரும், ஆனால் கம்பிக்கும் ரோட்டுக்கும் இடையில் மிஞ்சி இருந்த ரப்பரைத்தான் வெட்டுகிறார்கள், வெயிலில் அது எந்த நேரமும் வெடிக்கும். லொறி, பஸ் ரயர் சிலவற்றில் திரும்ப வெட்டலாம் என்று கொம்பனியே ரீகுறூவபிள் என்று அச்சடித்திருக்கும், அது வேறு கதை. வான், கார் ரயரில் அந்த விளையாட்டு வேண்டாம். அதோடு பழைய ரப்பர் இறுகிப் போய்விடும், ஈரத்தில் பிடிக்கவே பிடிக்காது.

எவ்வளவு பழசு என்பதை நாலு இலக்கத்தில் பார்க்கலாம். ரயரின் பக்கவாட்டில் டொட் என்ற ஆங்கில எழுத்து மூன்றில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு, 2314 என்றால் 2014 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை. இங்கேதான் அடுத்த கள்ளம்: பல ரயரில் அந்த முழு இலக்கம் ஒரு பக்கம்தான் இருக்கும். எனக்கு நாலையும் அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரிப் பூட்டியிருந்தார்கள். ஒன்று தற்செயலாய் அப்படி வரலாம், நாலுமா? ஆகவே ரிம்மில் ஏற்ற முதல் நிலத்தில் போட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். பொலிஷ் பூசியிருந்தால் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பாருங்கள், வெடிப்பு தெரியும். துடைக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

திரும்பக் கொண்டுபோனேன். முதலில் ரோட்டைப் பிழை சொன்னார், அப்புறம் காற்றைப் பிழை சொன்னார், கடைசியில் "எங்கட ரயர்தான் என்டதுக்கு என்ன அத்தாட்சி" என்றார். முறைப்பாடு சொல்ல பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, ஆனால் கொப்பித் தாளை வைத்துக்கொண்டு நான் எதைக் காட்டுவது? கடைப் பெயர், திகதி, ரயர் அளவு, அந்த நாலு இலக்கம், இவ்வளவும் எழுதின பில் தராவிட்டால் காசை வெளியே எடுக்காதீர்கள்.

போகிற நேரம் பின்னால் வந்து, நாலையும் விட்டுவிட்டுப் போனால் ஒன்றுக்கு 3,000 தருகிறேன் என்றார். திரும்ப இன்னொருவருக்கு விற்கத்தானே. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலின் பக்கவாட்டையும் கத்தியால் கிழித்துப் போட்டேன்.