பிளெட்ச்லி பார்க்: ஆலன் டூரிங் மேசையோடு திரும்பிவிடாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த இடம் இப்போது மியூசியம். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம், ஆனால் ஒரு வருடத்துக்குச் செல்லும் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள ஓட வேண்டாம்.

பலரும் 'ஹட் 8' என்கிற மரக் கொட்டகையில், குறியீட்டை உடைத்தவர்களில் பெயர்பெற்ற கணித மேதை டூரிங்கின் மேசையைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. போரின் கடைசிக் கட்டத்தில் இங்கும் இதன் கிளைகளிலும் வேலை பார்த்த சுமார் 9,000 பேரில் முக்கால்வாசி பெண்கள்! ஹட் 11 பக்கம் அவசியம் போங்கள். 'பாம்ப்' என்கிற, தினமும் மாறும் எனிக்மா அமைப்பைத் தேடித்தரும் ஆளுயர இயந்திரங்களை அங்கே ஓட்டியவர்கள் ரென் எனப்படும் கடற்படைப் பெண்கள். ஒரு டன் எடை, காதைப் பிளக்கும் சத்தம், எண்ணெய் வாடை, எட்டு மணி நேர ஷிஃப்ட், இதற்கு நடுவில் உருளைகளின் பின்னால் இருக்கும் மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று உரசாமல் சிறு இடுக்கியால் நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

போர் முடிந்ததும்? வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. 1974 வாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது, அதற்குள் மகள் போரில் என்ன செய்தாள் என்றே தெரியாமல் பல பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு பேட்ஜ் கொடுத்ததே 2009-ல்தான். இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இங்கிருந்த சிவிலியன் பெண்களின் கதையும் அதேதான். ஜோன் கிளார்க் கேம்பிரிட்ஜ் கணிதத்தில் முதல் வகுப்பு, ஆனாலும் பெண்களுக்கு அங்கே முழுப் பட்டம் 1948 வரை கிடையாது. பெண் குறியீட்டு நிபுணருக்குப் பதவியே இல்லாததால் மொழியியலாளர் என்று காட்டித்தான் சம்பளத்தை உயர்த்த முடிந்தது, பிற்காலத்தில் பழைய ஸ்காட்லாந்து நாணய ஆராய்ச்சியிலும் பெயர் எடுத்தார். ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் எங்கே போகிறது என்று காட்டிய செய்தியைப் படித்த ஜேன் ஃபாசெட், அப்புறம் ஓபரா பாடகியானார், விக்டோரியா காலக் கட்டடங்களை இடிக்கவிடாமல் போராடினார். இங்கே குறியீடு உடைத்த மேவிஸ் பேட்டி (Mavis Batey) பிற்காலத்தில் தோட்ட வரலாற்று அறிஞர். இதையெல்லாம் முன்பே படித்துவிட்டுப் போனால் அந்த மர ஹட்டுகளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

போக முடியாதவர்களுக்கு மியூசியத்தின் இணையதளத்தில் பணியாற்றியவர்களின் பெயர்ப் பதிவேடு இலவசம். பெயர், படைப்பிரிவு, பார்த்த வேலை என்று பெரும்பாலும் ஓரிரு வரிதான், ஆனாலும் சும்மா ஒரு பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

ஓடுகிற பாம்ப் இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதே வளாகத்திலுள்ள தேசியக் கம்ப்யூட்டிங் மியூசியத்துக்குப் போக வேண்டும். அதற்குத் தனி டிக்கெட், எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துக் கிளம்புங்கள்.