தண்டனை யாருக்கு, விலக்கு யாருக்கு? பெருந்தொற்றுக் காலப் பயணச் சட்டங்கள்: ஓர் ஒப்பீடு

கொரோனா காலத்தில் எந்த நாட்டின் பயணச் சட்டம் கடுமையாக இருந்தது என்று கேட்டால், பெரும்பாலானோர் அபராதத் தொகையை வைத்தே பதில் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கனடாதான் முதலிடம் பெறும். அங்கே தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை மீறியவருக்கு 7,50,000 கனடிய டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க இடமிருந்தது. இந்தியாவுக்குக் கடைசி இடம்; இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு சாதாரண மீறலுக்கு வைத்திருந்த அபராதம் 200 ரூபாய். ஆனால் உண்மையில் யார் சிறைக்குப் போனார்கள், யாருக்குக் கதவு திறந்துவிடப்பட்டது என்று பார்த்தால் இந்த வரிசை நிற்காது. என் பார்வையில், தண்டனைப் பிரிவைவிட விலக்குப் பட்டியல்தான் ஒரு சட்டத்தின் குணத்தை அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து தொடங்கலாம். வீட்டில் தங்கும் உத்தரவை மீறினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பதே அங்கிருந்த உச்சவரம்பு. பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அன்று. ஆனால் 2020 மார்ச்சில் மியன்மாரிலிருந்து திரும்பிய 34 வயது சிங்கப்பூரர் ஒருவர், வீட்டில் அடைந்து கிடக்க வேண்டிய நேரத்தில் பக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப் சாப்பிடப் போனதோடு அந்தக் கிண்ணத்தைப் படம் எடுத்து முகநூலிலும் போட்டார். அடுத்த மாதமே ஆறு வாரச் சிறைத்தண்டனை பெற்றார். பிரிட்டனிலிருந்து வந்து ஹோட்டலில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த இன்னொருவர், அவசரகாலப் படிக்கட்டு வழியே 14-ஆவது மாடியிலிருந்து 27-ஆவது மாடிக்கு ஏறி, அங்கே அறை எடுத்துக் காத்திருந்த தன் வருங்கால மனைவியைச் சந்தித்தார். 2021 பிப்ரவரியில் அவருக்கு இரண்டு வாரச் சிறையும் 1,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. உடந்தையாக இருந்ததற்காக அந்தப் பெண்ணும் ஒரு வாரம் சிறை சென்றார். இருவருக்கும் அதற்குள் திருமணம் ஆகியிருந்தது. நீதிமன்றத்துக்கே போகாத தண்டனை ஒன்றும் அங்கே இருந்தது: விதியை மீறிய வெளிநாட்டு ஊழியரின் வேலை பெர்மிட்டை மனிதவள அமைச்சு ரத்து செய்துவிட முடிந்தது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போன தொழிலாளிக்கு, 10,000 வெள்ளி அபராதத்தைவிட அதுவே பெரிய அடி.

ஆஸ்திரேலியா இதற்கு நேர்மாறு. 2021 ஏப்ரல் இறுதியில் இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஸாம்பா, கேன் ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் தோஹா வழியாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க, சுகாதார அமைச்சர் கிரெக் ஹண்ட் 2015-ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவு பிறப்பித்தார். வந்திறங்குவதற்கு முந்தைய 14 நாள்களுக்குள் இந்தியாவில் இருந்த எவரும், குடிமகனே ஆனாலும், மே 3 முதல் 15 வரை ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். விமானப் பணியாளர், தூதரக அலுவலர் போன்ற சிலருக்கு விலக்கு இருந்தது. கையில் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு இருப்பது மட்டும் விலக்குக்கான காரணம் ஆகவில்லை. பெங்களூரில் சிக்கியிருந்த முதியவர் ஒருவர் தொடுத்த வழக்கை மே 10 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதி தாமஸ் தாவ்லி தள்ளுபடி செய்தார். இத்தனைக்கும், யாரும் சிறைக்குப் போகும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்று பிரதமர் ஸ்காட் மாரிசனே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டிருந்தார். பயன்படுத்தப்போவதில்லை என்று அரசே அறிவித்த தண்டனையை எதற்காகச் சட்டத்தின் பேரில் நீட்டிக் காட்ட வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் கதையில் தண்டனையும் விலக்கும் ஒன்றையொன்று தின்றன. 2021 பிப்ரவரி 15 முதல், தொற்று அபாயம் மிகுந்தவை என்று அரசு வகுத்த ‘சிவப்புப் பட்டியல்’ நாடுகளிலிருந்து வருவோர் ஹோட்டலில் 10 நாள்கள் தங்கி, ஒருவருக்கு 1,750 பவுண்டு கட்ட வேண்டும் என்றானது. இந்தியா அந்தப் பட்டியலில் ஏறியது ஏப்ரல் 23-இல். ஹோட்டலைத் தவிர்ப்பவருக்கு 5,000 முதல் 10,000 பவுண்டு வரை அபராதம். எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்பதைப் பயணிகள் இருப்பிடப் படிவத்தில் மறைத்துப் பொய் சொன்னால் பத்தாண்டு வரை சிறை என்று சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சம்ப்ஷன் பிரபு உட்படப் பலர் அதைக் கடுமையாகக் குறைகூறினார்கள். ஒரு படிவத்தில் ஒரு பெட்டியைத் தவறாக நிரப்புவதற்குக் கொடுங்குற்றங்களுக்கு உரிய தண்டனையா என்பதே அவர்களுடைய ஆட்சேபம்.

அதே இங்கிலாந்தின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். 2021 மார்ச் 29 முதல் தகுந்த காரணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினாலே 5,000 பவுண்டு அபராதம். ஆனால் வெளிநாட்டில் வீடு வாங்க, விற்க, வாடகைக்கு விடப் போவது தகுந்த காரணமாகக் கருதப்பட்டது. பத்திரிகைகள் இதற்கு, அன்றைய பிரதமரின் தந்தையின் பெயரால், ‘ஸ்டான்லி ஜான்சன் விலக்கு’ என்று பெயர் சூட்டின. முந்தைய ஆண்டு கோடையில் ஸ்டான்லி பல்கேரியா வழியாகச் சுற்றிக்கொண்டு கிரேக்கத்திலுள்ள தன் வீட்டுக்குப் போயிருந்தார். ஜூன் இறுதியில் இன்னொரு விலக்கு வந்தது. 10 கோடி பவுண்டு முதலீட்டையோ 500 வேலைகளையோ கொண்டுவரக்கூடிய நிறுவனத் தலைவர்கள், தனிமைப்படுத்தலிலிருந்து இடையில் வெளியே வந்து தொழில் சந்திப்புகளை முடித்துக்கொள்ளலாம். நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்குக்கு வெளியேறவும் விதிகளில் இடமிருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

கனடாவைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2021 பிப்ரவரி 22 முதல் விமானத்தில் வருவோருக்கு மூன்று இரவு ஹோட்டல் கட்டாயம். தரைவழியே வருவோருக்கு இல்லை. ஆகவே பலர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இறங்கி, டாக்ஸி பிடித்து எல்லையைக் கடந்தார்கள். சிலர் டொராண்டோ விமான நிலையத்தில் அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கே போய்விட்டார்கள். ஆல்பர்ட்டா மாகாணமோ அத்தகைய சீட்டு வழங்குவதற்கான கூட்டரசு ஏற்பாட்டில் சேர்ந்திருக்கவே இல்லை. ஏழரை லட்சம் டாலர் என்பது ஏட்டிலேயே நின்றது.

இந்தியாவிடம் இருந்தவை பழைய ஆயுதங்கள். 1897-ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டத்தில் உத்தரவு மீறலுக்குத் தனித் தண்டனை கிடையாது. அதை மீறுவது 188-ஆம் பிரிவின்படி குற்றமாகக் கருதப்படும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து விளைந்தால் அந்தப் பிரிவில் 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு ஓராண்டு வரையிலும், உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரையிலும் சிறை என்று சற்றே பல்லைக் காட்டியது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ஆம் பிரிவின்படி, உத்தரவிட்ட அரசு ஊழியர் எழுத்துமூலம் புகார் தராமல் 188-இன்கீழ் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. போலீஸார் தாமாகவே முதல் தகவல் அறிக்கை பதிவதும் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் குவிந்த ஏறத்தாழ 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபோது, வன்முறை வழக்குகளோடு, முறைகேடாக இ-பாஸ் பெற்ற வழக்குகளும் அந்த மன்னிப்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டன. ஊர் சுற்றியவனை விட்டுவிடலாம், அரசின் அனுமதிச் சீட்டை ஏமாற்றி வாங்கியவனை விட முடியாது என்ற அந்தப் பாகுபாடு, இங்கிலாந்து படிவப் பொய்யைப் பார்த்த பார்வையோடு ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது.

தண்டனையில் இவ்வளவு தளர்ந்திருந்த இந்தியா, விலக்கில் மற்ற எவரையும்விடத் தெளிவாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோர் ஏழு நாள் சொந்தச் செலவில் முகாமிலோ ஹோட்டலிலோ, பின் ஏழு நாள் வீட்டில் என்று 2020 மே 24 வழிகாட்டுதல் வகுத்தபோதே, கர்ப்பிணிகள், வீட்டில் இறப்பு நேர்ந்தவர்கள், கடும் நோயாளிகள், 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு வரும் பெற்றோர் ஆகியோர் 14 நாளும் வீட்டிலேயே இருக்கலாம் என்றது. ஆகஸ்ட் 8 முதல் 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ‘நெகட்டிவ்’ சான்றும் அந்தச் சலுகைக்கு வழி ஆனது. அப்பாவின் காரியத்துக்கு வருபவரிடம், அவர் எத்தனை கோடி முதலீடு கொண்டுவருகிறார் என்று இந்தப் பட்டியல் கேட்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் 188-ஆம் பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு நிற்கிறது. 200 ரூபாய் 2,500 ஆகியிருக்கிறது. உயிராபத்து இருந்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம். எழுத்துமூலப் புகார் வேண்டும் என்ற நிபந்தனை புதிய நடைமுறைச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. கர்ப்பிணிக்கும் துக்க வீட்டாருக்கும் தந்த விலக்கு மட்டும் எந்தச் சட்டப் பிரிவிலும் ஏறவில்லை. அது இன்னும் 2020-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் தாளிலேயே கிடக்கிறது.