42 நொடி 47 ஆனால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்? உற்பத்தி அமைப்பு மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

ஒரு வெல்டிங் செல்லை, அதாவது லைனில் ரோபோ வெல்டிங் செய்யும் ஒரு தனி இடத்தை, எடுத்துக்கொள்வோம். ரோபோ ஒரு பீஸை முடிக்க 42 நொடி ஆகிறது. லைனில் 45 நொடிக்கு ஒரு பீஸ் வெளியே வந்தாக வேண்டும். டிசைன் பிரிவு இரண்டு வெல்டிங் ஸ்பாட்டைக் கூட்டுகிறது, 42 என்பது 47 ஆகிவிடுகிறது. இந்த ஒரு எண் ரோபோ சிமுலேஷனில் இருக்கிறது. புராசஸ் ஷீட்டில் இருக்கிறது. ஆட்களுக்கு வேலை பிரித்த எக்ஸெல்லில், முழு லைனையும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் லைன் சிமுலேஷன் மாடலில், உற்பத்தித் திட்டமிடலில் என்று ஐந்து இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்கே திருத்த மறந்தாலும் அங்கே 42 நொடிக் கணக்குதான் ஓடும், யாருக்கும் தெரியாது. உற்பத்தி அமைப்பை வடிவமைக்கும் மென்பொருள்களில் எதை எடுப்பது என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்த எண்ணின் பயணத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்று சொல்பவை ஒருங்கிணைந்த தொகுப்புகள். சீமென்ஸின் டெக்னோமேட்டிக்ஸும் டசோ சிஸ்டம்ஸின் டெல்மியாவும் இந்த வகையில் பெரியவை. முன்னதில் டீம்சென்டர் என்ற தரவுக் கிடங்கு நடுவில் இருக்கிறது, பின்னதில் 3டிஎக்ஸ்பீரியன்ஸ் தளம். பாகத்தின் வரைபடம், அதைச் செய்யும் முறை, எந்த மெஷினில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அங்கே சேர்ந்து கிடக்கும்.

ஆனால் இவை முதல் நாளிலிருந்தே ஒன்றாகப் பிறந்தவை அல்ல. டெக்னோமேட்டிக்ஸில் லைன் சிமுலேஷனுக்காக இருக்கும் பிளான்ட் சிமுலேஷன் முதலில் சிம்பிள்++ என்ற பெயரில் ஜெர்மனியில் பிறந்தது, அப்புறம் இஎம்-பிளான்ட் ஆனது. 2005-ல் டெக்னோமேட்டிக்ஸை யுஜிஎஸ் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது, 2007-ல் யுஜிஎஸ்ஸை சீமென்ஸ் வாங்கியது. டெல்மியாவின் ரோபோ சிமுலேஷனுக்கு வேர் டெனெப் ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம். 2013-ல் உற்பத்தி நிர்வாக மென்பொருளான அப்ரிசோவும் 2014-ல் திட்டமிடல் மென்பொருளான குவின்டிக்கும் டசோவுக்கு வந்து அந்தக் குடையின் கீழ் சேர்ந்தன. ஆகவே தொகுப்பை எடைபோடும்போது மூட்டுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், பாகத்தின் வரைபடத்திலிருந்து ரோபோ பாதை வரை போகும் மூட்டு இரண்டிலுமே உறுதியானது. செய்முறைத் திட்டத்திலிருந்து லைன் சிமுலேஷனுக்குப் போகும் மூட்டில்தான் கைவேலை மிஞ்சுகிறது. சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் அந்த 42 நொடி, வந்து சேர்ந்துவிடும். பிரேக்டவுன், ரீவொர்க், ஷிஃப்ட் மாறும்போது நிற்கும் நேரம், டிராலி யார் தள்ளுவது என்பதையெல்லாம் மாடல் போடுபவர்தான் கேட்டுக் கேட்டு உள்ளே போட வேண்டும்.

இரண்டில் எது? வரைபடம் டசோவின் வரைபட மென்பொருளான கேட்டியாவில் இருந்தால் டெல்மியா பக்கம் சாய்வது இயல்பு, சீமென்ஸின் என்எக்ஸில் இருந்தால் டெக்னோமேட்டிக்ஸ். லைனின் ஓட்டத்தை அலசுவது மட்டுமே நோக்கம் என்றால் தயங்காமல் பிளான்ட் சிமுலேஷன் என்பேன். அதில் மெஷின், பஃபர் (இரண்டு மெஷினுக்கு நடுவே பீஸ் காத்திருக்கும் இடம்), கன்வேயர் எல்லாம் தனித்தனிப் பொருள்கள். ஒரு ஸ்டேஷனை ஒருமுறை செய்து, இருபது இடத்தில் வைத்து, மூலத்தில் மாற்றினால் இருபதும் மாறும். சிம்டாக் என்ற அதன் மொழியைக் கற்காமல் ஆழம் போக முடியாது, அதற்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

அதில் மெஷின் பழுதைக் கொடுக்கும் இடத்தில் இரண்டு எண் கேட்கும்: மெஷின் தயாராக இருக்கும் சதவீதம், ஒரு பழுதைச் சரிசெய்ய ஆகும் சராசரி நேரம். பலர் முதல் எண்ணில் 90 என்று போட்டுவிட்டு இரண்டாவதைக் கவனிக்காமல் போகிறார்கள். மணிக்கு ஒருமுறை 6 நிமிடம் நிற்கும் மெஷினும் 90 சதவீதம்தான். 80 மணிக்கு ஒருமுறை 8 மணி நேரம் படுத்துவிடும் மெஷினும் 90 சதவீதம்தான். நிமிடத்துக்கு ஒரு பீஸ் போகும் லைனில், அடுத்த மெஷின் சும்மா நிற்காமல் இருக்க முதலாவதற்கு ஏறத்தாழ 6 பீஸ் பஃபர் போதும். இரண்டாவதற்கு 480 வேண்டும். எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த வித்தியாசத்தைப் பழுதுப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருபவர் ஓர் ஆள்தான்.

தொகுப்பு வேண்டாம், சிமுலேஷன் மட்டும் போதும் என்றால் அரீனா, ஃபிளெக்ஸ்சிம், எனிலாஜிக் என்று வரிசை நீளும். அரீனா சிமான் என்ற சிமுலேஷன் மொழியின் மேல் கட்டியது, 2000-லிருந்து ராக்வெல் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. ஃப்ளோசார்ட் போலக் கட்டங்களை இணைத்துக்கொண்டே போகலாம் என்பதால் கற்றுக்கொள்வது எளிது. ஆனால் லைன் பெரிதாகும்போது அதே ஃப்ளோசார்ட் சிக்கலாகிவிடுகிறது. 2023-ல் ஆட்டோடெஸ்க் வாங்கிய ஃபிளெக்ஸ்சிம் முப்பரிமாணத்திலேயே மாடல் போட வைக்கும். இதை அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது. திரையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுவதைப் பார்த்ததும், "இந்தப் பக்கம் வண்டி திரும்பாதுங்க, தூண் இருக்கு" என்று ஆபரேட்டர் சொல்வார். எண் அட்டவணையைக் காட்டினால் அந்தத் தகவல் கிடைக்காது. எனிலாஜிக்கின் பலம் வேறு: தொழிற்சாலை, கிடங்கு, லாரிப் போக்குவரத்து மூன்றையும் ஒரே மாடலில் வைக்க வேண்டும் என்றால் அதுதான். உள்ளே ஜாவா இருக்கிறது, புரோகிராம் தெரிந்தவர் கூடவே இருக்க வேண்டும்.

"சிறந்த தீர்வைத் தானே தேடித் தரும்" என்ற விளம்பரத்தை வைத்து இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூன்றிலுமே பல ஆண்டுகளாக சிறந்த விடையைத் தேடும் ஆப்ட்குவெஸ்ட் என்ற அதே நிரல்தான் வந்திருக்கிறது.

காசில்லாமல் கிடைப்பவை சிம்பையும் ஜாம்சிம்மும். சிம்பை, பைத்தான் மொழியில் சிமுலேஷன் எழுத உதவும் ஒரு நிரல் நூலகம். ராத்திரி ஆயிரம் தடவை ஓடவிட்டுக் காலையில் முடிவைப் பார்க்கலாம், மாடல் வெறும் கோடு என்பதால், கிட் போன்ற பதிவு முறையில் வைத்தால் யார் எந்த வரியை மாற்றினார் என்பதும் பதிவாகியிருக்கும். திரையில் காட்ட எதுவும் இருக்காது. எழுதியவர் வேலை மாறினால் மாடலும் அநாதைதான்.

பலர் தாண்டிப் போகும் நான்காவது வழி ஒன்று உண்டு: சிமுலேஷனே இல்லாமல் கணக்குப் போடுவது. வரிசையில் இருக்கும் பீஸ்களின் எண்ணிக்கை, அவை வரும் வேகம், தங்கும் நேரம் மூன்றையும் இணைக்கும் தன் விதிக்கு ஜான் லிட்டில் நிரூபணம் வெளியிட்டது 1961-ல். கிங்மன் காத்திருப்பு நேரத்துக்குத் தோராயச் சூத்திரம் தந்ததும் அதே ஆண்டு. முன்னோடி சிமுலேஷன் மொழியான ஜிபிஎஸ்எஸ்ஸை ஐபிஎம்மில் ஜெஃப்ரி கார்டன் அறிமுகப்படுத்தியதும் 1961-லேயே. ஆக, கணக்கும் சிமுலேஷனும் ஒரே வயதுக்காரர்கள். 6 நிமிட வேலை செய்யும் மெஷின், வேலை வருவதிலும் முடிவதிலும் நல்ல ஏற்ற இறக்கம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கிங்மன் சூத்திரப்படி, மெஷின் 80 சதவீத நேரம் ஓடும்போது ஒரு பீஸ் சராசரியாக 24 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதத்தில் 54 நிமிடம். 95-ல் 114 நிமிடம். இது கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை. ராஜன் சூரி முன்வைத்த எம்பிஎக்ஸ் போன்ற மென்பொருள்கள் முழுத் தொழிற்சாலைக்கும் இந்த வகைக் கணக்கைத்தான் நொடியில் போட்டன. பேட்ச் அளவைக் குறைப்பதா, இன்னொரு மெஷின் வாங்குவதா என்ற கேள்வி இந்த மட்டத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பஃபர் நிரம்பி முன்னால் உள்ள மெஷின் அடைத்துக்கொள்வது, ஒரே கிரேனுக்கு இரண்டு பேர் போட்டி போடுவது போன்றவை வந்தால்தான் சிமுலேஷன் தேவைப்படும்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு லேஅவுட் மாற்றம் செய்யும் இடத்துக்கு முதலில் கணக்கு, தேவைப்பட்டால் ஒரு தனி சிமுலேட்டர். தயாரிக்கும் பொருளின் மாடல் மாற்றம் ஓயாமல் வரும், ரோபோ நிறைய இருக்கும், வரைபடமும் ஏற்கெனவே ஒரே தளத்தில் இருக்கிறது என்றால் தொகுப்புக்குச் செலவழிக்கலாம். செலவழிக்கும் முன், டெமோ காட்ட வருபவரிடம் அவர் கொண்டுவந்த மாடலை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வெல்டிங் செல்லை ஏற்றச் சொல்லி, 42-ஐ 47 ஆக்கி, அந்த எண் லைன் சிமுலேஷனுக்குப் போய்ச் சேரும்வரை அவர் எத்தனை ஃபைலைத் திறக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருங்கள்.