இன்டர்லாக் மண் கல் 12-8-6: கல் நல்ல கல்தான், மூலையில்தான் வம்பு

தோட்டத்தில் ஒற்றை அறை, உள்ளளவு 10க்கு 12 அடி, இன்டர்லாக் மண் கல்லில் (நீளம் 12, அகலம் 8, உயரம் 6 அங்குலம்) கட்டி ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த அளவுக் கல் வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லைக் குறை சொல்ல மாட்டேன். மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அச்சில் அழுத்தியது, சூளையே கிடையாது. தலையில் இரண்டு குமிழ், அடியில் இரண்டு குழி, ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். முதல் வரியை மட்டும் ரசமட்டம் பார்த்துக் கலவையில் வைத்துவிட்டால் அப்புறம் வேலை ஓடுகிறது. பூச்சு வேலை இல்லை, மிச்சமானது அதில்தான், கல் விலையில் இல்லை.

மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டோம். 12க்கு 6 கல் என்றால் அகலம் நீளத்தில் சரிபாதி, மூலையில் திருப்பி வைத்தால் அடுத்த கல் தானாகவே கீழ்க்கற்களின் இணைப்பைத் தாண்டி நடுவில் உட்காரும், குழியும் குமிழ்மேல் வரும். 8 அங்குல அகலத்தில் எல்லாம் 2 அங்குலம் தள்ளிப்போகிறது. அதனால் வரிக்கு வரி, மூலைக்கு மூலை ஒரு கல்லை 2 அங்குலம் அறுக்க வேண்டும், அறுப்பதோ குழியிலேயே விழும். கொத்தனார் பாதிக் குழி போன துண்டைத் தூக்கிக் காட்டி, "இத எதுல சார் மாட்டுறது?" என்றார். வாங்கும்போதே மூலைக்கல் உண்டா என்று கேட்டேன், "கொத்தனாரே வெட்டிக்குவாரு சார்" என்று பில் போட்டுவிட்டார்கள். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தின் 'ஆரம்' (Auram) என்ற கல் அழுத்தும் இயந்திரத்தில் அரைக்கல், முக்கால் கல்லுக்கும் அச்சு உண்டு. கல் விற்கிறவர்கள் அதையாவது போய்ப் பார்க்கலாம்.

என் தப்பும் இருக்கிறது. வழக்கம்போல அறையை அடிக்கணக்கில் வரைந்துவிட்டுக் கல்லைத் தேடினேன். முதலில் கல்லை முடிவு பண்ண வேண்டும், அப்புறம் கட்டத்தாளில் ஒரு கட்டம் அரைக்கல் என்று வைத்து வரைய வேண்டும். இதே அறைக்கு 6 அங்குல அகலக் கல் என்றால் வெளியளவு 11க்கு 13, வாசல் ஜன்னல் ஓரத்துக்கு அரைக்கல் போதும், வேறெங்கும் ரம்பமே வேண்டாம். உயரத்துக்கும் அதே கணக்குதான்: ஜன்னல் அடி 6 வரி, லிண்டல் (வாசல் ஜன்னலுக்கு மேலே வரும் பட்டை) 14 வரி. நான் ஆசைப்பட்டு வாங்கிய காரைக்குடிப் பழைய வாசல் நிலை ஆறேமுக்கால் அடி, அதாவது பதின்மூன்றரை வரி! அந்த அரை வரிக்குக் கான்கிரீட் பட்டை போட்டோம், செம்மண் சுவரில் பிளாஸ்திரி ஒட்டினதுபோல் தெரிகிறது.

சுவிட்ச் பெட்டி எங்கே என்பதையும் முன்பே குறித்துவிடுங்கள், பூசாத சுவரைப் பிறகு கொத்தினால் மறைக்க வழியில்லை.

அடுத்து மோட்டார் ரூமுக்கும் இதே கல்தான், 12-6-6 அளவில். நீங்கள் வீடே கட்டுவதாக இருந்தால் 6 அங்குலச் சுவர் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.