நான்கு வருடமாக டைம் டிராக்கர்: படித்த நேரம் எங்கே போகிறது?

மணிக்கணக்கில் பணம் தரும் ப்ராஜெக்ட் ஒன்று தோழிக்குக் கிடைத்திருக்கிறது. டைம் டிராக்கர் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டுமாம். "நீதான் வருடக்கணக்கா வச்சிருக்கியே, போடலாமா?" என்று போன வாரம் கேட்டாள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் மருத்துவ ஆவணங்களைத் தமிழாக்குகிறேன். நான்கு வருடமாக ஒரே டிராக்கர். எல்லாருக்கும் தெரிந்த அமைப்புதான்: நேரத்தைப் பத்துப் பத்து நிமிடக் கட்டங்களாகப் பிரிக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு நொடியில் திரையைப் படமெடுக்கும், கீபோர்டை எத்தனை முறை தட்டினோம், மவுஸை எத்தனை முறை அழுத்தினோம், உருட்டினோம் என்று எண்ணும். எந்த எழுத்தைத் தட்டினோம் என்பதைப் பதிவு செய்யாது. நிறையப் பேர் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது உண்மையிலேயே பெரிய நல்லது. இரண்டாவது வருடத்தில் ஒரு கிளையன்ட் 31 மணி நேர வேலையை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு நேரம் ஆகியிருக்காது" என்று பணம் தர மறுத்தார். டிராக்கர் பதிவு இருந்ததால் நான் வாதாடவே வேண்டியிருக்கவில்லை. கட்டங்களையும் படங்களையும் பார்த்துவிட்டு, வேலையைப் பிடித்துக் கொடுத்த இணையதளமே முழுத் தொகையையும் கொடுக்க வைத்தது. முகம் தெரியாத, வேறு நாட்டில் இருக்கும் ஒருவரிடமிருந்து தனி ஆளாக நான் எப்படி வசூலித்திருப்பேன்? அதற்கு முன்னால் இமெயிலை மட்டும் நம்பிச் செய்த வேலைகளில் வராமலே போன பணம் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்காகவே டிராக்கருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம், என் நேரம் எனக்கே தெரிய வந்தது. பத்துப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இப்போது கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். விலை பேசும்போது குரல் தடுமாறுவதில்லை.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கருவிக்குப் படிப்பதும் யோசிப்பதும் வேலையாகத் தெரியாது. தட்டினால் வேலை, தட்டாவிட்டால் சும்மா இருக்கிறோம். ஒரு பத்து வருடத்துக்கு முன்பு இதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம், அன்று மொழிபெயர்ப்பில் பாதி நேரம் தட்டச்சுதான். 2017-ல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு நரம்பிணைய முறை (ஏராளமான மொழிபெயர்ப்புகளிலிருந்து தானே கற்றுக்கொண்டு, முழு வாக்கியமாக மொழிபெயர்க்கும் முறை) வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் வேலையின் வடிவமே மாறிவிட்டது. இன்று என்னிடம் வரும் ஆவணத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இயந்திரம் எழுதிய தமிழ் ஏற்கெனவே இருக்கும். அதைப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, தவறைத் திருத்துவது மட்டும்தான் என் பங்கு. தட்டுவதை இயந்திரம் எடுத்துக்கொண்டது, தீர்மானிப்பது என்னிடம் மிஞ்சியது. டிராக்கர் மட்டும் இன்னமும் தட்டுவதையே எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஒரு உதாரணம். புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேருகிறவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம். "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து திரும்பப் பெறலாம்" என்று இயந்திரம் எழுதியிருந்தது. படிக்கிறவர் எதைத் திரும்பப் பெறுவார்? கொடுத்த ரத்தத்தையா, பணத்தையா? "விலகிக்கொள்ளலாம்" என்று மாற்றினேன். மாறியது இரண்டு சொல், ஆனால் அதுதான் அந்த மனிதருக்கு இருக்கும் மிக முக்கியமான உரிமை. அதே படிவத்தில் "மருந்துப்போலி" என்று ஒரு சொல். சரியான கலைச்சொல்தான். ஆனால் வயதானவர் ஒருவர் படித்தால் போலி மருந்து கொடுத்து ஏமாற்றப் போகிறார்கள் என்று நினைத்துவிட மாட்டாரா? பழைய படிவங்களைப் புரட்டினேன், அகராதியைப் பார்த்தேன், செவிலியராக இருக்கும் ஒருவரிடம் கேட்டேன். கடைசியில் "பார்க்க மருந்து போலவே இருக்கும், ஆனால் மருந்து எதுவும் சேர்க்காத மாத்திரை" என்று விளக்கி, கலைச்சொல்லையும் பக்கத்தில் வைத்தேன். நாற்பது நிமிடம். அந்த நான்கு கட்டங்களும் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. "இந்த நேரத்தில் நீங்கள் கணினி முன்னால் இருந்தீர்களா?" என்று மறுநாள் கிளையன்டிடமிருந்து கேள்வி வந்தது.

அந்த மாதம் நான் செய்த வேலையிலேயே நல்ல வேலை அந்த நாற்பது நிமிடம்தான்.

1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளக்க வந்தபோது, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அவர்களுக்காவது அளக்க வந்தவர் கண்ணெதிரே நின்றார். "இந்த அச்சுக்கு ஏன் நேரம் பிடிக்கிறது, பார்" என்று காட்டியிருக்கலாம். நான் யாரிடம் காட்டுவது?

இதைவிட மோசமானது, கருவிக்கு ஏற்ப நான் மாறியது. படிக்கும்போது காரணமே இல்லாமல் மவுஸ் சக்கரத்தை மேலும் கீழும் உருட்ட ஆரம்பித்தேன். ஒரு சொல்லைப் போட்டு, அழித்து, மறுபடி போடுவேன். ஒரு நாள் "தினம் இரண்டு வேளை" என்று இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரம் "இரண்டு நாளுக்கு ஒரு வேளை" என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அடுத்துச் சரிபார்த்தவர் பிடித்துவிட்டார். கண் வரியில் இருந்தது, மனம் தட்டுவதை எண்ணிக் காட்டும் ஆக்டிவிட்டி மீட்டரில் இருந்தது. அதற்குப் பிறகு உருட்டுவதை நிறுத்தினேன். தானாகவே மவுஸை அசைக்கும் கருவிகள் விற்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். கீபோர்டு இயக்கத்தைப் போலியாகக் காட்டியதாகச் சொல்லி 2024-ல் அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோ பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது.

படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திறந்த அதே நொடியில் ஒரு முறை படம் எடுத்துவிட்டது. அழிக்கலாம், ஆனால் அழித்தால் அந்தப் பத்து நிமிடக் கூலி போய்விடும். அழித்தேன். சொந்த விஷயங்களைப் போனில் மட்டும் பாருங்கள்.

அண்மையில் வந்த அப்டேட்டில் நிறையச் சரிசெய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறிப்பு எழுதலாம், படம் எடுத்ததும் திரை ஓரத்தில் காட்டுகிறது, முன்பு போல லேப்டாப் சூடாவதும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இன்று இது நான் வாங்கியதைவிட நல்ல கருவி. ஒரு பைசா ஏமாறாமல் நான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஆனாலும் நேற்று அதை நீக்கிவிட்டேன். இருக்கும் கிளையன்டிடம் இனி ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறேன், பாதித் தொகை முன்பணமாக. ஒப்புக்கொண்டிருக்கிறார். தோழிக்குக் கிடைத்திருப்பது தரவு உள்ளிடும் வேலை, நாள் முழுக்கத் தட்டச்சுதான். அவளுக்கு இந்தக் கருவி நன்றாகவே பொருந்தும், பணமும் பத்திரமாக வந்து சேரும். எல்லாம் தெரிந்தும் "போடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பணம் கேட்டுப் பார், தராவிட்டால் மட்டும் போடு என்றுதான் சொல்லப் போகிறேன்.