லேப்டாப் பாம் ரெஸ்ட்டுக்கு ‘நானோ கோட்டிங்’ என்றால் உஷார்!

மெட்டல் பாடி லேப்டாப்பில் கை வைக்கும் இடத்தில், அதாவது பாம் ரெஸ்ட்டில், பொடிப்பொடியாகப் புள்ளி விழ ஆரம்பித்திருக்கிறதா? “நானோ செராமிக் கோட்டிங் போட்டா புதுசு மாதிரி ஆயிடும், லைஃப்டைம் கேரண்டி” என்று எந்தக் கடையிலாவது சொன்னால், மெஷினைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் லேப்டாப்புக்கு அந்த வைத்தியம் நடந்து முடிந்துவிட்டது.

டிராக்பேடுக்கு இடப்பக்கம், மணிக்கட்டு அழுந்தும் முனையில் குண்டூசித் தலை அளவில் சில புள்ளிகள். இருந்த குறை அவ்வளவுதான். கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அனோடைஸ் போயிடுச்சு சார். ரீ-அனோடைஸ் பண்ணி, மேல 9எச் கோட்டிங் அடிச்சுத் தர்றோம். வைரம் மாதிரி நிக்கும். சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க” என்றார்.

முதல் பொய், ரீ-அனோடைஸ். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு ஆக்சைடு படலம் உண்டு, சில நானோமீட்டர்தான் இருக்கும். அனோடைஸ் என்பது அதையே மின்சாரம் பாய்ச்சித் தடிமனாக வளர்ப்பது. பொதுவாகக் கந்தக அமிலத் தொட்டியில் முக்கித்தான் செய்வார்கள். 5 முதல் 25 மைக்ரான் வரை வளரும் (ஒரு மைக்ரான் என்றால் ஆயிரம் நானோமீட்டர்). இதற்குக் கீபோர்டு, பேட்டரி, டிராக்பேடு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றி வெறும் தகடாக்க வேண்டும். பழைய படலத்தை ரசாயனத்தில் கரைத்து எடுக்க வேண்டும். சர்வீஸ் கவுன்ட்டரில் பிரஷ்ஷும் ஸ்ப்ரேயும் வைத்துக்கொண்டு யாராலும் முடியாத காரியம் அது.

அடுத்தது 9எச். இது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் தேய்த்தாலும் பூச்சு கீறவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கனிமங்களின் கடினத்தை அளந்து வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவுகோல் முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிவிட்டால் வியாபாரத்துக்கு வசதி. வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே மோஸ் அளவில் 9-ஐ ஒட்டி நிற்கும் பொருள் அலுமினியம் ஆக்சைடு. நீலக்கல்லும் அதே பொருள்தான். நீலக்கல் அளவுக்குக் கடினம் வராவிட்டாலும், அனோடைஸ் படலத்தில் இருப்பதும் அதே ஆக்சைடு. அதைத்தான் அவர்கள் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

ஆமாம், தேய்த்துத்தான் இருக்கிறார்கள். வாங்கும்போது பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் பாம் ரெஸ்ட் முழுக்க ஒரே திசையில் மெல்லிய கோடுகள். எமரிப் பேப்பர் ஓடிய தடம். மேலே ஏதோ கிளியர் லாக்கர், வார்னிஷ் மாதிரி நிறமில்லாத பூச்சு. கொஞ்ச காலத்திலேயே அந்த லாக்கர் வெயிலில் உரியும் தோல் மாதிரி ஓரத்திலிருந்து கிளம்பியது. உரிந்த இடத்தில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அழுத்தாமல் வைத்தேன்: பீப். மூடியின் மேல்பக்கத்தில் வைத்தேன்: சத்தமே இல்லை. அனோடைஸ் படலம் மின்சாரம் கடத்தாது, வெறும் அலுமினியம் கடத்தும். இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

இப்போது அங்கே வெள்ளைப் பொடி பூக்கிறது. வியர்வையில் இருக்கும் உப்பின் குளோரைடு, படலத்தின் பலவீனமான இடத்தில் புகுந்து ஊசித்துளை போடும். முன்பு சில புள்ளிகளில் நடந்தது, இப்போது கை படும் இடம் முழுக்க நடக்கிறது. கேட்கப் போனால், “ஸ்வெட் டேமேஜ் கேரண்டில வராது சார்” என்கிறார்கள். வியர்வைக்காகத்தானே ஐயா கோட்டிங்கே போட்டது? பில்லைப் பார்த்தால் அதில் கோட்டிங் என்ற சொல்லே இல்லை. ‘கிளீனிங் சார்ஜ்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போகாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வேலை முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் எடுங்கள். உப்பு தங்காவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேஸ்ட், சமையல் சோடா, ‘மேஜிக்’ ஸ்பாஞ்ச் எல்லாம் வேண்டாம், அவை அராவும். அமில-கார அளவான பி.எச். 4-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே போனாலும் ஆக்சைடு கரைய ஆரம்பிக்கும், அதனால் எலுமிச்சை, வினிகர், காரமான கிளீனர், பிளீச் எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது. மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச் கட்டுபவர்கள் தட்டச்சு செய்யும்போது கழற்றி வைப்பது நல்லது. முன் ஓரம் தேய்வதற்கு அந்தக் கொக்கி ஒன்றே போதும்.

ஸ்டிக்கர் ஃபிலிம் ஒட்டலாம், ஆனால் மெஷின் புதிதாக இருக்கும்போதே, சுத்தமாக உலர்ந்த பரப்பில். ஓரம் தூக்கிக்கொண்டால் உடனே எடுத்துவிடுங்கள். இடுக்கில் புகுந்த வியர்வை காயாமல் உள்ளேயே கிடந்து அரிக்கும். வெறும் பரப்பில் பட்டதைவிட இது மோசம். தடிமனான கவர் ஒட்டினால் மூடும்போது திரையில் அழுந்தும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே விழுந்த புள்ளி மறையாது. துடைத்துக் காயவைத்து, பரவாமல் பார்த்துக்கொள்ளலாம். ஓரம் கையைக் கிழிக்கும் அளவுக்குப் போனால் டாப் கேஸை, அதாவது கீபோர்டைச் சுற்றியிருக்கும் மேல் தகட்டை, மாற்றத்தான் வேண்டும். பல மாடல்களில் அது கீபோர்டு, பேட்டரியோடு சேர்ந்தே வரும் என்பதால், பேட்டரி மாற்ற வேண்டிய சமயம் வரும்வரை நான் காத்திருக்கப் போகிறேன்.